ஏழு வருடப் பட்டம்

மனிதவளத் துறையில் பட்டம் வாங்க முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் நாலைந்து வருடம் என்று சொன்னார்கள். எனக்கு ஏழு வருடம் ஆனது.

மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் நான் கிளார்க். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஜோகூர் பாருவுக்கு வகுப்புக்குப் போவேன். மூன்றாவது வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் படிப்பை நிறுத்திவைத்தேன். இரண்டு வருடத்தில் அம்மா இறந்துவிட்டார்.

மறுபடி வகுப்புக்குப் போனபோது என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் படித்து முடித்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னிடம், "மிஸ், இன்னிக்கு டெஸ்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

"நானும் ஸ்டூடண்ட்தான்லா."

"ஐயோ, சோரி அக்கா!" என்று சிரித்தாள். மதியம் தன் கூட்டத்தோடு போய்விட்டாள். மீதி இரண்டு வருடமும் கேண்டீனில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு உறவினர்களை அழைத்துவர இரண்டு சீட்டு கொடுத்தார்கள். இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

"யாரும் வரலையா?" என்றார் சீட்டு கொடுக்கும் கவுண்டரில் இருந்த பெண்மணி.

"யாரும் இல்லங்க."

அவர் ஒரு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் வந்து கை தட்றேன். போய் வாங்குங்க."

மேடையில் என் பெயரை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ பலமாகக் கை தட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. விழா முடிந்து கவுண்டருக்குப் போனேன், பூட்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.