ஓரத்தில் எழுதிய தமிழ்

பனிக்கட்டியை அறுத்து அடுக்கி வீடு கட்டுவது எப்படி என்று விளக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வானத்திலிருந்து மழையைத் தவிர வேறெதுவும் விழாத மலாயாவின் பகாங் மாநிலத்தில், தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற உனக்கு இது எதற்கு என்று தானா ராத்தாவில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. அலமாரியைத் திறந்து காட்டினால் இன்னும் முழிப்பார்கள். தீக்குச்சி இல்லாமல் நெருப்பு மூட்டுவது, கொடியை வெட்டித் தண்ணீர் குடிப்பது, இலையால் கூரை போடுவது, எந்தக் கிழங்கைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, வழி தவறினால் என்ன செய்வது என்று எல்லாமே காட்டில் உயிர் பிழைக்கும் வழி சொல்கிற புத்தகங்கள். நானோ பிரிஞ்சாங் சந்தைக்குப் போவதற்கே டாக்சி பிடிக்கிற ஆள். கிராணியாருக்குக் கிறுக்கு என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தக் கிறுக்கை எனக்குத் தொற்றவைத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவரும் அவர்தான். இத்தனை வயதாகியும் அதை என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அத்தான் எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். நான் சின்னக் கிராணி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டம் எனக்குக் கொடுத்த வீட்டில் அக்காவும் அவரும் நானுமாக மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். அவர் தேயிலை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்குவார். ஈப்போவில் பழைய புத்தகம் விற்கும் கடை ஒன்று இருந்தது. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த மச்சான் எனக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்று நுழைந்தவர், அட்டையில் காடும் கத்தியும் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். காட்டுக்குள் தனியாக மாட்டிக்கொள்ளும் சிப்பாய்களுக்காக எழுதியது. அன்று மாலை நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அத்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மூங்கிலுக்குள் சோறு ஆக்கலாம் என்றதும், "அட! சட்டியே வேணாமா? ஒங்கக்காகிட்ட சொல்லாத மச்சான், சட்டி வாங்கித் தந்த காசத் திருப்பிக் கேப்பேன்" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா, "மொதல்ல அரிசி வாங்கித் தாங்க, மூங்கில்ல ஆக்குறதா பானையில ஆக்குறதான்னு அப்பறம் பாப்போம்" என்று குரல் கொடுத்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார். கோடாரி இருந்தால் வாங்குவார், நெருப்பு இருந்தால் வாங்குவார், கூடாரம் இருந்தால் பேரமே பேசாமல் வாங்குவார். ஒருமுறை கூடாரத்தைப் பார்த்து ஏமாந்து அவர் வாங்கிவந்தது ஒரு சர்க்கஸ்காரனின் வாழ்க்கைக் கதை. பனிக்கட்டி வீடும் அப்படி வந்ததுதான். நல்லவையும் வந்தன. மலாயாக் காட்டுச் செடிகளை வண்ணப் படங்களோடு விளக்கும் தடித்த புத்தகம் ஒன்று, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை பங்களாவில் வேண்டாமென்று போட்டது. பொறி வைப்பதைப் பற்றி ஒன்று. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் காட்டிலேயே வைத்தியம் சொல்வது ஒன்று. எங்கள் கேமரன் மலையின் ஈரத்தில் புத்தகம் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். பேக்டரியிலிருந்து ஓட்டை விழுந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓட்டையை அடைத்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் கிழியாமல் புத்தகங்களை அடுக்கினேன். பெட்டியைத் திறந்தால் தேயிலை வாசம் வரும்.

நான் இல்லாத நேரத்தில் அத்தான் படங்களைப் புரட்டிக்கொண்டு தவிப்பார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். அவருக்காகப் பக்க ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுத ஆரம்பித்தேன். 'இதன் கிழங்கு நல்லது.' 'இது அரிக்கும், தொடாதே.' 'புகை மேலே எழும்பாமல் அடுப்பு மூட்ட இப்படிக் குழி வெட்டு.' பெரிய மொழிபெயர்ப்பு ஒன்றுமில்லை, அவருக்குப் புரிகிற பேச்சு. நல்ல புத்தகங்களில் மட்டும் எழுதினேன். பனிக்கட்டி வீட்டுக்கு ஓரத்தில் என்ன எழுதுவது? ஒரு புத்தகம் எழுதி முடிய மாதக்கணக்காகும். முடித்துக் கொடுத்தால் அத்தான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. கூடப் பிறந்த அண்ணன் இல்லாத குறையை அவர் தீர்த்துவைத்தார்.

பிறகு துரைமார் இரவோடு இரவாகக் கீழே இறங்கிப் போனார்கள், ஜப்பான்காரன் மேலே ஏறி வந்தான். ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பவன் வெள்ளைக்காரனுக்கு வேண்டியவன் என்று பேச்சு பரவியது. பெட்டியை வீட்டுக்குப் பின்னால் விறகுக் குவியலுக்கு அடியில் மறைத்தோம். அதுவரை பொழுதுபோக்காக இருந்தது அப்போதுதான் வேறு மாதிரி ஆனது. மரவள்ளிக்கிழங்கே சோறாகி, ஆட்களை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்ற சேதி மலைக்கு வந்தபோது, அத்தான் ஒருநாள் கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்: "எதுக்கு மச்சான் பயப்படுற? நம்மகிட்டதான் பொஸ்தகம் இருக்கே. கூப்புட்டான்னா மூணு பேரும் காட்டுக்குள்ள போயிருவோம். நீ வாசி, நான் வெட்டுறேன், ஒங்கக்கா ஆக்கட்டும்." அக்காகூட அன்று சிரிக்கவில்லை. சரி என்றாள்.

அன்றிலிருந்து சேர்த்தோம். உப்பு தங்கமாயிருந்த காலம். அக்கா உலையில் போடும் உப்பில் கிள்ளிக் கிள்ளி எடுத்துவைத்தாள். நாங்கள் உப்பில்லாமல் தின்று, மூன்று பேருக்கான உப்பைச் சேர்த்தோம். தீப்பெட்டி, ஒரு பாராங் கத்தி, ஒரு சின்னக் குண்டான், மழை இறங்காமல் மூட ஓர் எண்ணெய்த் துணி. எல்லாவற்றையும் தேயிலைச் சரிவுக்கு மேலே, காட்டு ஓரத்தில், ஓடைக்கு அருகே ஒரு பாறை இடுக்கில் வைத்தோம். இடம் எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது பெட்ரோல் கிடையாது. ஜப்பான்காரனுக்காக எப்போதாவது ஒருமுறைதான் லோரி கீழே இறங்கும். மற்ற நாட்களில் அத்தானையும் மரவள்ளி நடவுக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் தோட்டப் பேச்சில் வெளிவேலைக்குப் போவதையும் 'காட்டுக்குப் போறது' என்றுதான் சொல்வோம். தேயிலை நிற்பதும் காடு, மரவள்ளி நிற்பதும் காடு, புலி இருப்பதும் காடு. லோரி தாப்பாவுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் அத்தான் வழக்கம்போல எழுந்தார். "இன்னைக்கு வேல கூட. கெழங்கு ரெண்டு கட்டா கட்டு" என்றார். அக்கா தன் பங்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்று, "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றார். "பாத்துப் போயிட்டு வாங்க" என்று அக்கா சொன்னாள். நான் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டே தலையை ஆட்டினேன். பொய் என்று ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பொழுது சாய்ந்தும் ஆள் வரவில்லை. பாம்பு கடித்திருக்குமோ, மண் சரிந்திருக்குமோ என்று நானும் அக்காவும் நடவுச் சரிவு முழுக்க அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு தேடினோம். அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்றார் கங்காணி. மறுநாள் விடிந்ததும் பாறை இடுக்குக்குப் போனோம். உப்பு இல்லை. பாராங் இல்லை. குண்டான் இல்லை. எண்ணெய்த் துணி போட்டிருந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு ஓடிவந்து விறகைத் தள்ளிப் பெட்டியைத் திறந்தேன். நான் ஓரத்தில் தமிழ் எழுதிய புத்தகங்கள் ஒன்றுவிடாமல் போயிருந்தன. சர்க்கஸ்காரனும் பனிக்கட்டி வீடும் எனக்கு மிஞ்சினார்கள். அக்கா அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விறகை அடுக்கத் தொடங்கினாள்.

அப்போதும் நான் நம்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் போய் இடம் பார்க்கப் போயிருப்பார், வந்து கூட்டிப் போவார் என்று அக்காவிடமே வாதாடினேன். லோரியில் அவரோடு கிளீனராகப் போகிறவர்தான் என் வாயை அடைத்தார். பேக்டரி வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "கிராணியாரே, இன்னும் இங்கதான் இருக்கீங்களா? நீங்களும் டிரைவரோட போயிட்டீங்கன்னுல நெனச்சேன். தாப்பாவுலயே கேள்விப்பட்டோமே, ரெண்டு ஆம்பள இருக்குற வீட்ல ஒரு ஆளப் புடிக்கப் போறான்னு. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்னு அவருதான் சொன்னாரு லா" என்றார். நான் ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வாரமே ஆள் பிடிக்க வந்தார்கள். இரண்டு ஆண்கள் உள்ள வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஒருவன் எங்கே என்று அக்காவைக் கேட்டார்கள். தெரியாது என்றாள். இருக்கிறவன் வரட்டும் என்றார்கள். நானும் ஓடியிருக்கலாம்தான். உப்பும் கத்தியும் இல்லாமல் எங்கே ஓடுவது? ஓடினால் அவளை என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கவே கூசியது. தானா ராத்தாவில் லோரியில் ஏற்றும்போது அக்கா அழவில்லை. என் சட்டைப் பையில் ஒரு கிழங்குத் துண்டைத் திணித்துவிட்டு, லோரி திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

சயாமைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. பேசி என்ன? படித்ததில் அங்கே எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. கிடைத்த தகர டப்பாவில் கொதிக்க வைத்துக் குடித்தேன், பிழைத்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் நான் கர்த்தரிடம் கேட்டதெல்லாம் உயிர்ப்பிச்சை அல்ல. அந்த மனிதரை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்து, ஏன் என்று கேட்க வேண்டும். அந்த ஆத்திரம்தான் என்னை நடக்க வைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

பனிக்கட்டி வீட்டைத் தவிர, இன்று என் அலமாரியில் இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு நானே தேடி வாங்கியவை. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய், அட்டையைப் பார்த்து அல்ல, உள்ளே படித்துப் பார்த்து வாங்கியவை. அத்தான் எடுத்துப் போன அதே செடிப் புத்தகம்கூட வேறொரு பிரதியாகக் கிடைத்தது. யார் கேட்டாலும் இரவல் கொடுப்பதில்லை. ஓரத்தில் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை. யாருக்காக எழுதுவது?

ஏன் என்று நான் அவரைக் கேட்கவும் இல்லை. சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக நான் மலையேறி வீட்டுக்கு வந்தபோது, அத்தான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சில வாரம் முன்பே காட்டிலிருந்து இறங்கிவிட்டாராம். தாடியும் மீசையுமாக, ஆனால் கன்னம் ஒட்டாமல் நன்றாக இருந்தார். "மச்சான்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். அழுதார். நான் கையைத் தூக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அரிசி கொஞ்சம், மரவள்ளி நிறைய, கருவாடு. அத்தான்தான் ஜெபம் செய்தார். எங்களை எல்லாம் ஒரே வீட்டில் மறுபடியும் கூட்டிச் சேர்த்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எந்தக் கிழங்கைத் தின்றார், எந்தக் கொடியில் தண்ணீர் குடித்தார், புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டினார் என்று. "ஒன் எழுத்துதான் மச்சான் என்னையக் காப்பாத்துச்சு. நீ எழுதலன்னா செத்துருப்பேன் லா" என்று என் தோளைத் தட்டினார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் வந்ததிலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே அத்தான் கேட்டார்: "ஆமா, நீ ஆபீசுல இருந்த ஆளாச்சே. ஒன்னைய எப்புடிய்யா சயாமுக்கு அனுப்புனாங்க?"

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வீட்டுக்கு ஒரு ஆம்பளைய அனுப்புன்னாங்க. இந்த வீட்டுல இருந்த ஒரே ஆம்பளைய அனுப்பிட்டேன்."

பிறகு, மிச்சமிருந்த கருவாட்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.