வரைபடத்தில் ஆளில்லாத வீடு

1. சுவர்

முதல் நாள் மாலை திரையில் பன்னிரண்டு கறுப்புச் சதுரங்களைப் பார்த்து வணக்கம் சொன்னேன். பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து சாட் பெட்டியில் ஒரு கட்டைவிரல் தோன்றியது. அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினேன்.

நான் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். பகலில் மெல்பர்ன் நகருக்குள் இருக்கும் பல்கலைக்கழகம். மாலையில், நகரின் ஓரத்தில் வெரிபீயில் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு மாடி அறையிலிருந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சமூக அறிவியல் ஆன்லைன் வகுப்பு. என் பதவியின் பெயர் பாட வழிநடத்துநர். பிள்ளைகளுக்கு நான் ‘மிஸ்’. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், “உள்ளே என்னதான் நடக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு ஒரு மாட்யூல். திங்கட்கிழமை அது திறக்கும். சிறிய வீடியோக்கள், ஒரு வாசிப்புப் பகுதி, ஒரு வரைபடம், ஒரு குட்டி வினாத்தேர்வு. வாரத்தின் நடுவே கலந்துரையாடல் பலகையில் ஒரு கேள்வி. வியாழக்கிழமை லைவ் வகுப்பு. வார இறுதிக்குள் ஒப்படைப்பு. வீடியோவில் பேசுபவர் வேறொருவர். அவரை நான் சந்தித்ததில்லை. பலகையில் பதிலளிப்பதும், லைவ் வகுப்பை நடத்துவதும், ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டுக் கருத்து எழுதுவதும் என் பங்கு. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் வீடியோவை நிறுத்தியது என்பதை டாஷ்போர்டு காட்டும். நிறுத்திவிட்டு அது என்ன செய்தது என்பதைக் காட்டாது.

ஒருங்கிணைப்பாளர் ராஜி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், கிளென் வேவர்லியில் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தபோது வீடியோ அழைப்பில் என் அறையைச் சோதித்தார்.

“பின்னால ஜன்னல் இருந்தா முகம் கறுப்பாத் தெரியும், பிள்ளை. பிளைண்டை இறக்கி விடுங்கோ.”

“மேசையைத் திருப்பிப் போட்டா கட்டில் தெரியுதுங்க அக்கா.”

“கட்டில் தெரியக் கூடாது. அலுமாரியும் தெரியக் கூடாது. உடுப்புக் காயப்போட்டிருக்கிறீங்கள், அதுவும் தெரியக் கூடாது.”

“அப்போ என்னதான் தெரியலாம்?”

“சுவர்,” என்றார்.

என் அறையில் சுவராகத் தெரியக்கூடிய ஒரே பக்கம், தெருவைப் பார்த்த ஜன்னல் இருக்கும் பக்கம்தான். பட்டை பட்டையாக மடியும் அந்த ஜன்னல் மறைப்பை, பிளைண்டை, இறக்கினால் அதுவும் சுவர்போல ஆகிவிடும். இறக்கினேன், முகத்துக்கு நேரே ஒரு வட்ட விளக்கை வாங்கி வைத்தேன். பிளைண்டை ஏற்றும் கயிறு பிறகு ஒருநாள் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்காரர்கள் கணவனும் மனைவியுமாக இரண்டு செவிலியர்கள், வெவ்வேறு ஷிஃப்ட். எங்கள் குடியிருப்பு எஸ்டேட்டில் கராஜ்கள் பின்சந்தில் இருக்கின்றன. அவர்கள் பின்பக்கமாகக் காரில் வந்து பின்பக்கமாகவே போவார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு அது குறுக்குவழி என்பதால் நானும் பின்கதவைத்தான் பயன்படுத்தினேன். குடிவந்த பிறகு முன்கதவை நான் திறந்ததாக நினைவில்லை.

2. கிசுகிசுப்பு

பிள்ளைகள் கேமராவைத் திறப்பதில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் குழுவில் பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். அந்தக் கறுப்புச் சதுரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டுபேர் அமர்ந்திருப்பார்கள். ஒரு பிள்ளை மைக்கைத் திறந்தால் முதலில் அம்மாவின் குரல்தான் வரும்.

“கையைத் தூக்கு. தூக்குடா. ‘மழைக்காடு’ன்னு சொல்லு.”

“அம்மா, மைக் ஆன்ல இருக்கு!”

“இருந்தா என்ன? சொல்லு!”

ரோஹன் என்ற பையனின் அம்மாவுக்கு அந்தப் பள்ளித் தவணையில் புவியியல் நன்றாக வந்துவிட்டது. எனக்கு இந்தக் கிசுகிசுப்பு பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கேட்கும் தமிழ் அது மட்டுமே.

நிலானியின் சதுரத்திலிருந்து அதுவும் வந்ததில்லை. எல்லா வீடியோக்களையும் முழுமையாகப் பார்ப்பாள், ஒப்படைப்புகளை நேரத்துக்குத் தருவாள், பலகையில் ஒரு வரி எழுதுவாள். லைவ் வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்டால் மைக் மூடியிருப்பதைக் காட்டும் சிவப்புக் கோடு அப்படியே இருக்கும். தவணையின் தொடக்கத்தில் அவளுடைய அம்மா எங்கள் வகுப்புத் தளமான போர்ட்டல் வழியாக அழைத்தார்.

“மிஸ், நாங்கள் போன வருசம்தான் சிட்னியில இருந்து வந்தனாங்கள். நார்த்மீட்டில இருக்கேக்க இவள் வாய் மூடமாட்டாள். இஞ்ச வந்தாப்பிறகு பள்ளிக்கூடத்திலயும் ஒருத்தரோடயும் கதைக்கிறாள் இல்லை.”

“ஒப்படைப்பெல்லாம் ரொம்ப நல்லா செய்றாங்க, ஆன்ட்டி.”

“மார்க்குக்காக நாங்கள் சேர்க்கேல்லை, மிஸ். கதைப்பாள் எண்டுதான் சேர்த்தது. இந்தத் தவணையும் வாய் திறக்காட்டி நிப்பாட்டிப் போடுவம். வீட்டில இன்னுமொரு ஸ்கிரீன் எதுக்கு?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். முயற்சி செய்கிறேன் என்றேன். கறுப்புச் சதுரத்தை எப்படிப் பேசவைப்பது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

3. சான்று தருக

ஏழாம் வகுப்புப் புவியியலில், ஓர் இடம் வாழ்வதற்கு எவ்வளவு ஏற்றது என்பதை அளப்பது ஒரு பெரிய பகுதி. கடை, பேருந்து, பூங்கா, பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பிள்ளைகள் ஐந்துக்கு மதிப்பெண் போடவேண்டும். பட்டியலின் கடைசியில் ‘மனிதர்களோடான தொடர்பு’ என்று ஒன்று உண்டு. கூடவே, தங்கள் தெருவை நடந்து பார்த்து ஒரு கைவரைபடம் வரையவேண்டும். தெருப்பெயர், வீட்டு எண் எழுதக் கூடாது, பாதுகாப்புக்காக.

கிளென் வேவர்லிப் பிள்ளைகள் பெயர்பெற்ற அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும் எல்லையைச் சிவப்பில் வரைந்து ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். அந்த எல்லைக்குள் வீடு வாங்கிய கதையை அவர்கள் வீட்டில் பலமுறை கேட்டிருக்கவேண்டும். நிலானியின் வரைபடம் மிகச் சுத்தமாக இருந்தது. ஒரு நேரான தெரு, இருபக்கமும் ஒரே மாதிரியான வீடுகள், நட்டுவைத்த குச்சிகளாய் மரங்கள். ஒரு வீட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் தீட்டி ‘ஆளில்லாத வீடு’ என்று குறித்திருந்தாள். மனிதர்களோடான தொடர்புக்கு அவள் போட்டிருந்த மதிப்பெண் பூஜ்யம்.

மெல்பர்னின் ஓரங்களில் இப்படிப்பட்ட தெருக்கள் எண்ணற்றவை. நான் வழக்கமான கருத்தை எழுதினேன்: “தெளிவான வரைபடம். இந்த வீட்டில் ஆளில்லை என்று எப்படி முடிவுசெய்தாய்? சான்று தருக. லைவ் வகுப்பில் சொன்னாலும் போதும்.”

கடைசி வாக்கியத்தை அவளுடைய அம்மாவை நினைத்து எழுதினேன். பலிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

4. மூன்றாவது பட்டை

அந்த வியாழக்கிழமை வரைபடங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிலானியின் படம் வந்தபோது பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சிவப்புக் கோடு மறைந்தது. உள்ளே ஒரு நாற்காலி நகரும் ஓசை.

அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள், தமிழில் தருகிறேன்.

“அந்த வீட்டு வாசலில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. தபால் பெட்டியில் விளம்பரத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூரை ஓரத்தில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய மான் இன்னும் தொங்குகிறது, ஒரு கால் கழன்றுவிட்டது.”

ரோஹன் மைக்கைத் திறந்தான். “அது சோம்பேறி வீடாகவும் இருக்கலாம்.”

சிரிப்புக் கேட்டது. மூன்று நான்கு மைக்குகள் ஒன்றாகத் திறந்திருந்தன. அந்தக் குழுவில் அப்படி நடந்ததே இல்லை.

“இரு, நான் முடிக்கவில்லை,” என்றாள் நிலானி. அவள் குரல் நான் எண்ணியிருந்ததைவிடக் கனமானது. “மாடி ஜன்னலில் ஒரு பிளைண்ட். எப்போதும் மூடியிருக்கும். கீழிருந்து மூன்றாவது பட்டை உடைந்து சரிந்திருக்கிறது. நான் கவனிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது. ஆள் இருந்தால் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள்.”

“பேய் இருக்கும்போல,” என்றான் ரோஹன்.

“பேய்க்கும் வெளிச்சம் வேணும்,” என்றாள் அவள்.

பின்னாலிருந்து அவளுடைய அம்மாவின் கிசுகிசுப்பு முதல்முறையாக வந்தது. “ஓம், அந்த வீட்டில ஒருத்தரும் இல்லைத்தான். சொல்லு, அம்மாவும் பார்த்தவ எண்டு சொல்லு.”

மூன்றாவது பட்டை என் தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மேசையை உள்ளே கொண்டுவந்தபோது அதன் முனை இடித்து உடைந்த பட்டை அது. எனினும் திரும்பிப் பார்த்தேன். என் படத்தில் என் பின்தலைதான் தெரிந்திருக்கும். மறுபடி திரும்பி, “சிறந்த சான்றுகள், நிலானி,” என்றேன். வட்ட விளக்கின் ஒளியில் என் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. அதற்காகத்தானே அதை வைத்திருந்தேன்.

வகுப்பு முடிந்தபின் வட்ட விளக்கை அணைத்தேன். பட்டையை விலக்கி எதிர்வீடுகளைப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. அவளுடைய வீட்டை நானாகத் தேடிப்பிடிக்க எனக்கு உரிமையில்லை. பூஜ்யம் என்று அவள் போட்ட மதிப்பெண்ணில் நானும் அடக்கம் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதே மதிப்பெண்ணைத்தான் போட்டிருப்பேன்.

5. விதி

எங்கள் விதி எளிமையானது. போர்ட்டலுக்கு வெளியே பிள்ளைகளோடு எந்தத் தொடர்பும் கூடாது. ஒரு பிள்ளையின் வீடு இருக்கும் இடம் தெரியவந்தால் உடனே தெரிவிக்கவேண்டும். பிள்ளையை வேறு குழுவுக்கு மாற்றுவார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதி. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அவள் அப்போதுதான் வாய் திறந்திருந்தாள். இந்த நேரத்தில் மாற்றினால் மறுபடி மூடிக்கொள்வாள். தவணை முடிவில் அவளுடைய அம்மா நிறுத்திவிடுவார். நான் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. காலையில் ராஜி அக்காவை அழைத்தேன்.

“ஒரே தெருவோ?” என்றார்.

“நேரெதிர் வரிசைன்னு நினைக்கிறேங்க அக்கா. எந்த வீடுன்னு பார்க்கலை.”

“பார்க்காதேங்கோ. நான் அவளை மாத்தத்தான் வேணும், பிள்ளை. வேறை ஒண்டும் செய்யேலாது.”

“இந்தத் தவணை முடியிற வரைக்கும் விடமுடியாதா? இப்போதான் பேச ஆரம்பிச்சிருக்கா.”

“விளங்குது. ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும். உங்கட பக்கம் பிழை ஒண்டும் இல்லை.”

பிழை யாருடையது என்று நான் கேட்டிருக்கவில்லை. சரி என்றேன். பிறகு, மனத்தில் இருந்த ஒன்றைக் கேட்டேன்.

“அக்கா, என் ஜன்னல் பிளைண்டை நான் திறந்து வெச்சா அது தொடர்புன்னு ஆகுமா?”

 எதிர்முனையில் சிரிப்பு.

“பிள்ளை, அது உங்கட ஜன்னல். திறவுங்கோ! நான் பின்னால வெளிச்சம் வரக் கூடாதெண்டுதான் சொன்னனான். வாழ்நாள் முழுக்க மூடி வையுங்கோ எண்டோ சொன்னனான்?”

அடுத்த வாரம் என் திரையில் பதினொரு சதுரங்கள் இருந்தன.

6. மதிப்பிட இயலாத தாள்

கட்டிலையும் அலுமாரியையும் மறைக்க ஒரு கம்பியில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டேன். ராஜி அக்கா அதைச் சுவர் என்று ஏற்றுக்கொண்டார். மேசையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பினேன். சிக்கிய கயிற்றைக் கத்தரிக்கோலால் அறுத்து, பிளைண்டை முழுவதுமாகக் கழற்றினேன். வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று பார்த்தார். “அப்படியே அந்த மானையும் இறக்கிடும்மா. எங்களுக்கு நேரமே கிடைக்கலை,” என்றார். முன்கதவைத் திறந்து வெளியே போய் ஏணி வைத்து இறக்கினேன். தபால் பெட்டியையும் காலிசெய்தேன். யாரும் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் மாலைகளில் தெருவைப் பார்த்தபடி பாடம் நடத்தினேன். தெருவில் பெரும்பாலும் எதுவும் நடக்காது. வாகனம் ஒன்று திரும்பும். காற்றில் குப்பைத்தொட்டி சாயும்.

ராஜி அக்கா வேறு ஏதோ விஷயமாக அழைத்தபோது நிலானியைப் பற்றிச் சொன்னார். “உங்கட பிள்ளை அங்க வாய் ஓயிறாள் இல்லை. யார் என்ன சொன்னாலும் ‘சான்று என்ன, சான்று என்ன’ எண்டு கேட்டு, படிப்பிக்கிற சேரை வதைக்கிறாளாம். தாய் அடுத்த தவணைக்கும் பதிஞ்சிட்டா.”

மகிழ்ச்சி என்றேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் குழு மறுபடி கட்டைவிரல்களுக்குத் திரும்பியிருந்தது.

தவணை இறுதியில் மாடரேஷன் நடக்கும். ஒவ்வொருவரின் மதிப்பீடும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, பெயர் நீக்கிய சில தாள்களை வேறு குழுக்களிலிருந்து அனுப்புவார்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்று, திருத்தி வரையப்பட்ட ஒரு வரைபடம். நேரான தெரு, குச்சி மரங்கள். சாம்பல் நிறம் எங்கும் இல்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் குறிப்பு:

“இந்த வீட்டைப் பற்றி நான் முன்பு எழுதியது தவறு. சான்று: பிளைண்ட் இல்லை. மான் இல்லை. மாலையில் ஜன்னலருகே ஒரு பெண் உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு பேசுகிறார். கண்ணாடியில் வெளிச்சம் படுவதால் முகம் சரியாகத் தெரிவதில்லை. கையை நிறைய ஆட்டுகிறார். அம்மா அவருக்குக் கை காட்டினார், அவர் பார்க்கவில்லை. மறுபடி காட்டுவோம்.”

மனிதர்களோடான தொடர்பு: ஐந்துக்கு ஒன்று.

ரூப்ரிக்கின்படி அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். நான் போடவில்லை. “இதை நான் மதிப்பிட இயலாது. இந்த வீட்டை எனக்குத் தெரியும்,” என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். முகத்துக்கு நேரே வையுங்கள். வெளிச்சத்துக்குத் தனி விளக்கு வாங்கவேண்டாம். திரையிலிருந்து அவ்வப்போது கண்ணை எடுத்து வெளியே பாருங்கள். யாராவது கை காட்டிக்கொண்டிருக்கக்கூடும். நான் இப்போது பார்க்கிறேன்.