1412-ஆவது ஃபிரேம்

உங்கள் காதில் பூச்சுற்ற எனக்கு நேரமில்லை. பேய் என்றாலே நடுநிசி, நாய் ஊளை என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், 11.20 மணிக்கு. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது.

எங்கள் கம்பெனி செல்போன் செய்கிறது. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துத் திரையில் காட்ட, சிப்புக்குள்ளேயே ஒரு பகுதி உண்டு. கோடெக் என்போம். அதைப் போனின் மென்பொருளோடு சேர்த்து ஓட வைப்பது எங்கள் வேலை. நானும் ஒட்டடையும் எட்டு மாதமாக அதில்தான் கிடந்தோம். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். பெயரும் அவனே வைத்துக்கொண்டதுதான். அந்தச் செவ்வாய்க்கு இருபத்தாறு நாள் முன்பு, எங்கள் லேபிலேயே மாரடைப்பில் செத்துப்போனான். சாயங்காலம் ஆறு மணிக்குத் தரை துடைக்க வந்த அம்மாதான் அவனை மேஜைக்கடியில் பார்த்தார்.

"நான் மத்தியானமே மீட்டிங் போயிட்டேன். அந்த ரூம் பக்கமே வரல," என்றார் மேனேஜர். அவன் மனைவியிடமும் அதையேதான் சொன்னார். நெஞ்சு அடைக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று அவன் காலையில் கேட்டதையும், டெஸ்ட்டை முடித்துவிட்டுப் போ என்று தான் சொன்னதையும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பக்கத்தில் நின்று கேட்ட நானும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. எங்கள் டெஸ்ட் வீடியோவில் கடற்கரையில் ஒரு நாய் ஓடும். அதில் 1412-ஆவது ஃபிரேம், அந்த ஒரே ஒரு படம் மட்டும், தப்பாக வருவதாகச் சொன்னார்கள். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"ஒட்டடை செஞ்ச தப்புன்னு எழுதிடு. கழுவாத பாத்திரத்துல பழைய சாப்பாடு ஒட்டியிருக்கிற மாதிரி, மெமரியைத் துடைக்காம விட்டுட்டான். ஏதோ பழைய வீடியோ தெரியுது, அவ்வளவுதான்."

"அவன் துடைக்காம விட மாட்டான் சார்."

"செத்தவன் வந்து சண்டையா போடப் போறான்? பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு."

செத்த பாம்பை அடிக்கிற வீரன். கையெழுத்துப் போட்டால் அந்தத் தப்பு காலத்துக்கும் அவன் பெயரில் நிற்கும். போடாவிட்டால் என் வேலை போகும். லேபுக்குப் போனேன்.

ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினேன். சிப்பைப் பொருத்திச் சோதிக்கும் டெஸ்ட் போர்டின் சின்ன விசிறி மட்டும் க்ர்ர்ர்... என்று சுற்றியது.

11.20. வீடியோவை ஓட்டி, அந்த ஃபிரேமில் நிறுத்தினேன். நாய் இல்லை. சாம்பல் நிறத் தரை. நாற்காலிச் சக்கரங்கள். மேஜையின் அடிப்பக்கம். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தவனுக்குத் தெரிவதுபோல...

எங்கள் லேப்தான். இப்படி ஒரு வீடியோ எங்களிடம் கிடையாது. அந்தப் போர்டில் கேமராவும் கிடையாது.

11.26. மறுபடி ஓட்டினேன். அதே தரை. இப்போது ஓரத்தில் ஒரு பிரவுன் ஷூ.

எனக்கும் ஒட்டடைக்கும் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் மெமரி முழுக்கப் பச்சை நிறத்தை நிரப்பிவிட்டு ஓட்டுவோம். பழையது எதுவும் மிஞ்சாது. நிரப்பினேன்.

11.34. பச்சை இல்லை. இரண்டு ஷூ. இடது ஷூவில் மட்டும் கறுப்புக் கயிறு. மேனேஜருடையது. அந்தக் கயிற்றை வைத்து நாங்கள் எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறோம்.

11.41. ஷூக்கள் திரும்பியிருந்தன. கதவைப் பார்த்து.

அந்த ரூம் பக்கமே வராத ஷூக்கள்.

11.47. ஃபிரேமில் கதவு பாதி சாத்தியிருந்தது.

டக்...

சுவரில் சுவிட்ச் சத்தம். திடுக்கிட்டு நிமிர்ந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

11.52. ஃபிரேமில் இருட்டு. கதவுக்கடியில் ஒரு வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டில் இரண்டு கால்கள்... சிவப்பு வார்ச் செருப்பு.

குனிந்து பார்த்தேன். அந்தச் செருப்பு என் காலில் இருந்தது.

அவன் செத்த அன்று 3.25-க்கு நான் அந்தக் கதவு வரை வந்தேன். உள்ளே இருட்டு. கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். 'வீட்டுக்குப் போயிட்டியா?' என்று அவன் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுத் திரும்பினேன். கதவைத் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

11.58. மேனேஜர் உள்ளே வந்தார்.

"எழுதிட்டியா?"

"லைட்டை ஏன் சார் அணைச்சீங்க?"

"எந்த லைட்டு?"

சேமித்து வைத்திருந்த 11.34 படத்தைத் திரையில் போட்டேன். பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"தூங்குறான்னு நெனைச்சேன்," என்றார் மெல்ல.

தூங்குகிறவனை எழுப்பித் திட்டாமல், விளக்கை அணைத்துவிட்டுப் போகிற தர்மவான். கையெழுத்துப் போடாத காகிதத்தைக் கிழித்து அவர் முன்னால் போட்டேன். அன்று மாலையே ஒட்டடையின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. என் வேலை போனது. போகட்டும்.

சேமித்த படங்களை அன்றே மறுபடி திறந்து பார்த்தேன். எல்லாம் வெறும் பச்சை. நான் ஓட்டிய போர்டு அன்று காலையில்தான் உறை பிரித்தது. தொழிற்சாலையில் அது தயாரானதே அவன் செத்து ஒன்பது நாள் கழித்து. இதை எங்கே போய்ச் சொல்வது?

இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டார். கடவுச்சொல் தெரியாமல் மூடிக் கிடந்த அவன் போனைக் கடைக்காரர் ஒருவர் திறந்து கொடுத்திருக்கிறார்.

"நீ அனுப்புனதுக்குப் பதில் எழுதியிருக்காரும்மா. அனுப்பல. பாதியில நிக்குது."

"என்ன எழுதியிருக்கான்க்கா?"

எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார்.

"'போகல. உள்ளதான்.'"