எஸ்தோனியாவின் புகைக்குளியலும் இருபத்தேழு பெயர்ப்பலகைகளும்

"என் வாயை அடைக்க ஐரோப்பாவுல இன்னும் ஒருத்தன் பொறக்கல. நான் பேசாம இந்த ஊர்ல ஒரு அரைப்புள்ளிகூடச் சட்டமாகாது, தெரிஞ்சுக்கோங்க!"

பிரசல்ஸ் நகரத்து மதுக்கடையில், மயோனெய்ஸ் தோய்த்த உருளைக்கிழங்கு வறுவலைச் செங்கோல்போல் உயர்த்திப் பிடித்து இப்படி முழங்கியவர் தார்மோ வாஹ்த்ரா. எஸ்தோனியாவின் சார்பில் அடுப்பு, கொதிகலன், புகைபோக்கி ஆகிய முப்பெரும் துறைகளைக் கட்டிக் காக்கும் அதிகாரி. அவர் நாட்டில் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசினாலே வாயாடி என்று பெயர் வந்துவிடும். மொத்த நாடும் பேசாமல் மிச்சம் பிடித்த சொற்களை இவர் ஒருவரே செலவழிக்கிறார் என்பது சக அதிகாரிகளின் கணிப்பு.

இருபத்தேழு நாடுகளுக்கு ஒரே சட்டம் எப்படி உருவாகிறது என்று பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படம் இருக்கும். நிஜத்தில் அது ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உருவாகிறது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எதிரிலுள்ள பலகையில் எந்த நாடோ அதுவே பெயர். பேச நினைப்பவர் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். ஒரு பலகையும் நிமிரவில்லை என்றால் சகலருக்கும் சம்மதம். அப்புறம் வரைவு மேல்மட்டங்களுக்குப் போகப்போக அதைப் படிப்பவர் குறைவு. அடுப்புச் சட்டத்தைக் கடைசியில் மீன்வள அமைச்சர்கள்கூட, மத்திக்கும் சூரைக்கும் நடுவில், விவாதமின்றி நிறைவேற்றிவிட்டுச் சாப்பிடப் போவதுண்டு.

தார்மோவின் பலகை படுத்திருந்து பார்த்தவர் எவருமில்லை.

அந்த வருடம் விறகடுப்புச் சட்டத்தின் வரைவு வந்தது. புகைபோக்கி இல்லாத அடுப்பை இனிக் கட்டவும் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது. தார்மோவின் சொந்த ஊர்ப் பக்கமான வோருவிலோ குளியலறைக்குப் புகைபோக்கி வைப்பதே பாவம். அடுப்புப் புகை அறையெல்லாம் சுற்றி, கதவு வழியே வெளியேறிய பிறகுதான் மனிதர்கள் உள்ளே போய் வியர்ப்பார்கள். அக்கா மய்ரே தொலைபேசியில் வந்தாள்.

"டேய், நம்ம குளியலறை அடுப்புக் கல்லு வெடிச்சிருச்சு. மாத்தினா குத்தமாமே? அப்படிச் சட்டம் வந்துச்சுன்னா, சனிக்கிழமை குளியலுக்கு இந்தப் பக்கம் தலை காட்டாத. ஷவருக்கு அடியிலயே நின்னுக்கோ."

"கவலைப்படாதக்கா. நான் பேசுறேன்."

"அதான்டா பயமா இருக்கு."

பேசினார். புகைக்குளியலுக்கு விலக்கு கேட்டு நாற்பது நிமிடம். பிர்ச் மர இலைக்கொத்தால் முதுகில் அடித்துக்கொள்ளும் முறையை எழுந்து நின்று நடித்தே காட்டினார். அவை மெய்மறந்தது, மறந்தபின் விழித்துக்கொண்டது. இத்தாலியின் பலகை நிமிர்ந்தது: பீட்ஸா அடுப்புக்கும் விலக்கு வேண்டும். ஆஸ்திரியா நிமிர்ந்தது: மலைக்குடிசை அடுப்பு. பின்லாந்து, கிரேக்கம், ஹங்கேரி என்று மழைக்குப் பின் காளான்போல் பதினாலு பலகைகள்.

தலைமை தாங்கிய சைப்ரஸ்காரி தெஸ்பினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆறு மாதத்துக்கு ஒரு நாடு முறைவைத்து வகிக்கும் தலைமை அது. அவர் முறை முடிய மூன்றே வாரம்.

"இது சட்டமா, விலக்குக் கண்காட்சியா? எல்லாத்தையும் வெட்டுறேன். எஸ்தோனியா, உங்களுக்குத்தான் முதல் நன்றி."

அடுத்த வரைவில் எஸ்தோனியா கேட்ட விலக்கு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, கூட்டத்துக்குக் கால்மணி முன்பு, காப்பி இயந்திரத்தருகே லூர்திஷ் கிந்தேலா அவரை மடக்கினார். போர்ச்சுகலின் அதிகாரி, வாரம் ஒரு வார்த்தை பேசுபவர்.

"எஸ்தோனியா, புது வரைவு பாத்தியா? நாலாம் பின்னிணைப்பு, ஒன்பதாவது வரி."

தார்மோ படித்தார். 'நெருப்பு எரியும்போது உள்ளே ஆள் இல்லாத அறைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.'

"அம்மாடி! இது நம்ம குளியலறை!"

"எங்க ஊர் தொத்திறைச்சிப் புகையறை. ரெண்டு வாரமா தெஸ்பினாவோட மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வாங்கின வரிய்யா அது."

"அற்புதம்! எழுந்து ஆதரிச்சு நாலு வார்த்தை…"

"ஆதரிச்சேன்னா கொன்னுடுவேன்! நீ ஆதரிச்சா இத்தாலி அந்த வரியைப் படிக்கும். படிச்சா எங்க பீட்ஸா எங்கேன்னு கேக்கும். முடிஞ்சது கதை."

"எதிர்த்துப் பேசிப் பாக்கவா? சந்தேகம் வராது."

"பேசவே கூடாதுன்னு சொல்றேன்!"

"பேசவேன்னா…"

"செத்த மீன் மாதிரி."

கூட்டம் தொடங்கியது. மூன்று பின்னிணைப்புகள் உருண்டோடின. தார்மோவின் காதுமடல்கள் சிவந்தன. நெற்றியில் முத்துமுத்தாக வியர்வை. அடுப்பே இல்லாமல் ஒருவர் புகைக்குளியல் எடுப்பதை அந்த அறை அன்றுதான் கண்டது.

"பின்னிணைப்பு நாலு. கருத்து ஏதாவது?" என்றார் தெஸ்பினா.

இத்தாலி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரியா ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. தெஸ்பினாவின் பார்வை வழக்கம்போல் ஓரிடத்தில் வந்து நின்றது.

"எஸ்தோனியா? உங்களுக்கு ஏதாச்சும் இருக்குமே? சொல்லுங்க, சொல்லுங்க. கேக்காம விட்டா எங்களுக்குத் தூக்கம் வராது."

அறை சிரித்தது. இருபத்தாறு தலைகள் திரும்பின. இத்தாலி, ஆரஞ்சுச் சுளையை வாயருகே நிறுத்திவிட்டுக் காகிதக் கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தது. தார்மோவின் வலக்கை, எஜமானைக் கேளாமலே, பலகையின் விளிம்புவரை போய்விட்டது.

அங்கிருந்து அது மேசை நடுவிலிருந்த தட்டுக்குத் திரும்பியது. ஒரு முழு வாஃபிள் பிஸ்கட்டை எடுத்து அப்படியே வாய்க்குள் அடைத்துக்கொண்டு, தார்மோ ஒன்றுமில்லை என்று இடமும் வலமுமாகத் தலையசைத்தார்.

"சம்மதம்," என்று தெஸ்பினா பக்கத்தைப் புரட்டினார்.

எஸ்தோனியாவின் பலகை படுத்தே கிடந்தது.