மஸ்கட் விலை, செஞ்சி விலை

சிங்கவரம் ரஞ்சிதம் போராடி வாங்கியவற்றைச் சொல்லத் தொடங்கினால் பலருக்கு நம்பிக்கை வராது. கணவன் லாரி விபத்தில் இறந்து காரியம் முடிந்த அன்றே, நிலத்தில் பங்கில்லை என்று கொழுந்தன்மார் கைவிரித்தார்கள். ஊர்க் கூட்டத்தில் தனியாக நின்று பேசி முப்பது சென்ட் வாங்கினாள். ஒரு சொல் அரபி தெரியாமல் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், ஆறு மாதத்தில், இரண்டாவதாகச் சேர்ந்த வீட்டுக் கிழவிக்கே எதிர்ப்பேச்சுப் பேசும் அளவுக்கு மொழியைப் பிடித்தாள். அதற்கு முன் வேலை செய்த வீட்டார் பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்றபோது, அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். மகள் பூங்குழலி பள்ளியில் ஒரு நாள்கூடப் பீஸ் பாக்கி என்று எழுந்து நின்றதில்லை. நான்கு பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாததை ஒருத்தியாகச் செய்தாள்.

அவள் கேட்டதில் அவளுக்குக் கிடைக்காதது ஒன்றுதான். மகளும் தானும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது.

2014 ஜனவரியில் அவள் விமானம் ஏறும்போது பூங்குழலிக்கு ஐந்தரை வயது. அண்ணன் வீராசாமி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மஸ்கட்டில் சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுக்கு. சாப்பாடு, சோப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் அந்த வீட்டுக் கணக்கு. கடைக்குப் போனதில்லை. வீட்டுக்காரி மேடம் மார்க்கெட்டிலிருந்து வந்து பைகளை இறக்கும்போது மட்டும் ரஞ்சிதம் எது என்ன விலை என்று கேட்பாள். கேட்டு, ரூபாயில் மாற்றிப் பார்த்து, வாயில் கை வைப்பாள்.

"அய்யோ மேடம், இந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடும்!"

தக்காளிக்கும் அதையே சொல்வாள், கோழிக்கும் அதையே சொல்வாள். "உங்க ஊரில் கடைக்காரன் எல்லாரும் தர்மம் பண்ணுகிறவனா?" என்று கிழவி அரபியில் கேட்டுச் சிரிப்பாள். ரஞ்சிதமும் சிரிப்பாள். அவள் மனசில் செஞ்சியில் டீ ஆறு ரூபாய், தேங்காய் பத்து, ஒற்றை அறை வாடகை எண்ணூறு. அவள் கிளம்பிய அன்று இருந்த விலைகள் அவை. லீவுக்குப் பதில் காசை வாங்கிக்கொண்டு ஒருமுறைகூட ஊருக்கு வராதவளுக்கு, அதற்குப் பிறகு யாரும் விலை சொல்லவில்லை. போனில் மகளின் காய்ச்சலையும் மார்க்கையும் விசாரிக்கவே நேரம் போதாது. அவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் பருப்பு விலையைப் பேச யாருக்கும் தோன்றவுமில்லை.

இவ்வளவு சேர்ந்தால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவள் ஒரு தொகையை அந்த விலைகளை வைத்துத்தான் நினைத்திருந்தாள். பதினொரு வருடத்தில் அது சேர்ந்தது. மேடம் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றாள். "எங்க ஊர்ல இதை வச்சு சாவுற வரைக்கும் உக்காந்து சாப்பிடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, 2025 பிப்ரவரியில் வந்து இறங்கினாள்.

மறுநாள் காலை அண்ணனோடு பஸ் ஏறிச் செஞ்சி பஜாருக்குப் போனாள். தேங்காய்க் கடை குருவிடம் இருபது ரூபாய்த் தாளை நீட்டி இரண்டு காய் கேட்டாள்.

"இன்னா யக்கா இது? இந்தக் காசுக்கு நாரு தரேன், பாத்திரம் தேய்க்க எடுத்துட்டுப் போ."

"இன்னாப்பா, காய் பத்து ரூபாதானே?"

"பத்தா? எந்தக் காலத்துல படுத்து எப்ப எழுந்த நீ? அம்பது ரூபா யக்கா!"

"அது நேத்துதான் மஸ்கட்ல இருந்து வந்துச்சு. வுடு குரு" என்றான் வீராசாமி.

"அப்டியா? முன்னாடியே சொல்லக் கூடாதா? யக்காவுக்கு அறுபது."

சுற்றி நின்றவர்களோடு அவளும் சிரித்தாள். அடுத்தது மளிகைக் கடை. துவரம்பருப்பு விலையைக் கேட்டவள், அதன்பிறகு எதையும் விலை கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் பாதி நிரம்பிய பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்தபடியே வந்தாள்.

"இங்கயே இரு ரஞ்சி. தனி வீடு எதுக்கு?" என்று கேட்டான் அண்ணன்.

"பதினொரு வருசம் எம்பொண்ணு உன் வீட்ல சாப்ட்டா. போதும்ண்ணா. இனிமே எங்கையால சாப்பிடட்டும்."

செஞ்சியில் மகாவீரன் என்ற வியாபாரியின் வீட்டுப் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தாள். அறை ஒன்று, அடுப்படி ஒன்று. வாடகை மூவாயிரத்து எண்ணூறு, அட்வான்ஸ் நாற்பதாயிரம். மார்ச் மாதம் தாயும் மகளும் குடிபோனார்கள். காலையில் வாசலில் இட்லிக் கடை போட்டாள். முதல் நாள் மகளுக்கு ஆசையாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். பூங்குழலி காயை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"இன்னாடி, புடிக்காதா?"

"சின்னதுல இருந்தே சாப்பிட மாட்டேன்மா. அரிப்பு எடுக்கும்."

ரஞ்சிதம் அந்தக் காய்களை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

சித்திரையில் பங்காளி வீட்டில் காதுகுத்து. ஐந்நூறு ரூபாய் மொய் வைத்தாள். அவள் ஊரைவிட்டுப் போன காலத்தில் அது கௌரவமான மொய். மொய் நோட்டு எழுதிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் பேனாவை நிறுத்தி, "இன்னா அத்த, மஸ்கட்லயே ஒரு சைபர விட்டுட்டு வந்துட்டியா?" என்றான். பந்தலே சிரித்தது. வெளிநாடு போய் வந்தவளுக்கு ஊரில் எல்லாவற்றிலும் ஒரு தனி விலை இருந்தது. ஆட்டோவுக்குத் தனி, கோயில் வசூலுக்குத் தனி. அந்த விலையை அவள் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

ஒருநாள் இட்லி சாப்பிட வந்த அன்புச்செல்வன் என்ற வல்லத்துப் பையன், தனக்கு மஸ்கட் விசா வந்திருப்பதாகச் சொன்னான்.

"அக்கா, அங்க ரூம் வாடக எவ்ளோக்கா?"

"தெரிலப்பா."

"சாப்பாட்டுக்கு மாசம் எவ்ளோ ஆவும்?"

அவளுக்கு அதுவும் தெரியவில்லை. "நான் வீட்டுக்குள்ளயே இருந்தேன்" என்றாள். பையன் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பதினொரு வருடமாக இந்த ஊர் விலையையும் அந்த ஊர் விலையையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பேசியவள் அவள். அங்கே அவள் தன் காசில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. இங்கே சாப்பிட அவள் இருந்ததே இல்லை.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. பூங்குழலி நல்ல மார்க். நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். நான்கு வருடப் படிப்பு. பீஸும் ஹாஸ்டலும் கேட்டு வந்த வீராசாமி அந்தத் தொகையை மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். ஆடியில் மகாவீரன் வந்து, சங்கடத்தோடு நின்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. கோட்டைக்கு உலக அளவுல பேர் வந்ததுல இருந்து எதிர் வீட்ல ரூம் போட்டு நாள் வாடகைக்கு வுடறாங்க. நம்ம பையனும் அப்டியே பண்ணலாங்கறான். நீ ஆறாயிரம் குடுத்தா அவனுக்கு நான் சொல்லிக்குவேன்."

வாழ்நாள் முழுக்க வரும் என்று அவள் நினைத்த பணம், வாடகையும் படிப்பும் சேர்ந்தால் இரண்டு வருடம்கூட நிற்காது. அந்த முப்பது சென்ட் மானாவாரி, கடலை போட்டாலும் விதைக் காசுதான் தேறும். இட்லிக் கடை வருமானம் கேஸ் சிலிண்டருக்கும் மாவுக்குமே சரியாக இருந்தது.

"நான் துணிக்கடைக்கு வேலைக்குப் போறேன்மா. இங்கயே இருக்கலாம்" என்றாள் பூங்குழலி.

"வாய மூடு."

"நீ இப்பதான வந்த?"

"அதே மேடம் கூப்புடுது. அங்க எனக்குச் செலவே கெடையாதுடி. தின்னாலும் காசு இல்ல, படுத்தாலும் காசு இல்ல. எனக்குக் கட்டுபடியாவற ஊரு அது ஒண்ணுதான்."

"எனக்கு?"

ரஞ்சிதம் மகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வயசுக்கு வந்த பெண், வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள்.

விழுப்புரத்தில் ஏஜென்ட் அலுவலகத்துக்குத் தாயும் மகளும் வீராசாமியும் போனார்கள். ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்து, மைப் பெட்டியைத் திறந்தான் ஏஜென்ட். "கைநாட்டு வச்சா போதும்மா, டைம் ஆவுது."

முதல் தடவை அப்படி வைத்துவிட்டுப் போய்த்தான், சொன்ன சம்பளத்தில் பாதி வாங்கிக்கொண்டு அந்த முதல் வீட்டில் மாட்டினாள்.

"எம்பொண்ணு படிச்சுச் சொல்லட்டும். அப்புறம் வைக்கிறேன்" என்றாள்.

பூங்குழலி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். சம்பளம் சரியாக இருந்தது. பாஸ்போர்ட் அவள் கையில்தான் இருக்கும் என்றும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஊர் லீவு கிடையாது என்ற இடத்தில் பூங்குழலி நின்றுவிட்டாள்.

"நிறுத்தாத. சொல்லு."

கடைசி வரி வரை கேட்டுவிட்டு, மைப் பெட்டியை ஏஜென்ட் பக்கம் தள்ளினாள். வீராசாமியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அந்த நான்கைந்து மாதத்தில், இட்லிப் பானை கழுவிக் கவிழ்த்த பிறகு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மகள் கையைப் பிடித்து அவள் பெயரின் எழுத்துகளை எழுதவைத்திருந்தாள். மெதுவாக எழுதினாள். ஞகரத்தில் ஒருமுறை கை நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடி அண்ணனிடம் கொடுத்தாள்.

ரஞ்சிதம் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட தேதி: 18 ஆகஸ்ட் 2025, திங்கட்கிழமை.