ஐந்தாவது சீட்டு

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில், மூன்று டியூப்லைட் எரியும் அறையில், என் அண்ணிக்கு நடந்தது இது. அண்ணி கதை கட்டுகிற ஆள் இல்லை. கரப்பான்பூச்சியைக்கூடக் கையால் பிடித்து வெளியே விடுகிறவர்.

ஓர் ஏல நிறுவனத்தில் அவருக்கு வேலை. பழைய ஓவியங்களைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படிப்பார். யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது என்று துருவித் துருவிக் கண்டுபிடிப்பார். "படத்தோட மூஞ்சிய நான் பார்க்கிறதே இல்ல, முதுகோடதான் எனக்குப் பேச்சு" என்று சிரிப்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை 11.20-க்கு அந்தப் படம் வந்தது. வெறுமையான ஓர் அறை. ஒரு மேசை. நாற்காலியில் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவ்வளவுதான்.

அண்ணி அதை மேசைமேல் குப்புறப் போட்டார். பின்பலகையில் நான்கு சீட்டுகள். 1931, 1948, 1966, 1989. நான்கு ஊர்கள். நான்கு பெயர்கள். ஆனால்... ஒரே கையெழுத்து.

போலிதான் என்று முடிவு கட்டினார். யாரோ ஒருவர் ஒரே மூச்சில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை ஏலம். அண்ணி கையெழுத்துப் போட்டால்தான் படம் மேடையேறும். முதலாளி அதற்குள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

மதியம் 2.45. படத்தை விற்க அனுப்பியவருக்குப் போன் போட்டார். வயதான பெண்குரல்.

"1989 சீட்டுல ஒரு பேர் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் அக்கா."

"அவங்ககிட்ட பேசலாமா?"

"எப்படிம்மா? அந்தச் சீட்டுங்களப் படிச்சிட்டிருந்தா. டீ போட்டு எடுத்துட்டு வந்தேன்... ஆளக் காணோம். இன்னிவரைக்கும்."

அண்ணி அந்த 1989 சீட்டை இன்னொரு முறை பார்த்தார்.

"படம் இப்ப எப்படி இருக்கு?" என்றது குரல்.

"குப்புறப் போட்டிருக்கேன்."

"அவளும் அப்படித்தான் போட்டிருந்தா. நிமித்தும்மா. உடனே நிமித்து."

போன் கட்டாகிவிட்டது.

3.02.

சர்க்... சர்க்... சர்க்...

தாளில் பேனா ஓடும் சத்தம். படத்துக்கு அடியிலிருந்து.

"எலியா இருக்கும்." வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

சத்தம் நின்றது.

பசை வாடை அடித்தது.

3.06. நான்காவது சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு. காலையில் இல்லாதது. ஓரமெல்லாம் ஈரம்.

இந்த ஆண்டுதான் போட்டிருந்தது.

அதன்கீழ் ஓர் எழுத்து. மை உள்ளேயிருந்து ஊறி மேலே வந்தது...

அண்ணி பெயரின் முதல் எழுத்து.

இரண்டாவது...

இடது கையால் பிடித்து இழுத்தார். சீட்டு பாதி கிழிந்து வந்தது.

கை ஜில்லிட்டது. மணிக்கட்டு வரை மரத்தது.

ஓடினார்.

வாசலில் காவலாளியின் நோட்டில் நேரம் இருக்கிறது: 3.09. கைப்பை இல்லை. காலில் செருப்பு இல்லை.

அண்ணி கையெழுத்துப் போடவில்லை. முதலாளி காட்டுக்கத்தல் கத்தினார். கடைசியில், போலியா என்று பார்க்கப் படத்தை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஒருவர் அண்ணிக்குப் போன் செய்தார்.

"அறை, மேசை எல்லாம் பழசுதான் மேடம். தொண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கும். ஆனா நாற்காலியில இருக்கிறது ஒரே ஒரு ஆள் இல்ல. ஒருத்தர் மேல ஒருத்தரா நாலு பேர வரைஞ்சிருக்காங்க."

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு மேடம்... யாரோ அஞ்சாவது ஆள ஆரம்பிச்சு பாதியில விட்டிருக்காங்க. பெயிண்ட் இன்னும் காயவே இல்ல. இடது கை மட்டும் முடிஞ்சிருக்கு... மணிக்கட்டு வரைக்கும்."