இதயக் குழாயின் பதிலுக்காக மலாக்காவில் ஒரு நாள்

போன ஆகஸ்டில், தேசிய தினத்துக்காகத் தெருவெங்கும் கொடிகள் ஏறியிருந்த வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மலாக்காவுக்குக் கிளம்பினேன். ஊர் சுற்றும் ஆசையால் அல்ல. மனைவி துரத்திவிட்டாள்.

எனக்கு இதயம் மாற்றி நான்கு வருடம் ஆகிறது. உடம்பு அதை இன்னமும் வெளியாளாகவே பார்க்கிறது. அந்தக் கோபத்தில் இதய ரத்தக்குழாய்களின் உட்சுவர் சத்தமில்லாமல் தடித்துவிடக்கூடும். நரம்புகளை வெட்டித்தான் இதயத்தைப் பொருத்துகிறார்கள் என்பதால், குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. எனவே வருடாவருடம் குழாய்க்குள் கம்பி விட்டுப் படம் எடுக்கிறார்கள். போன வருடப் படத்தில் ஒரு குழாயில் தடிப்பு தெரிந்தது. மருந்தை மாற்றி, தினமும் நடக்கச் சொன்னார்கள். இந்த வருடப் படம் செவ்வாயன்று எடுத்தாயிற்று. இரண்டையும் ஒப்பிட்டு வெள்ளி மாலை போனில் சொல்வதாக ஏற்பாடு. தடிப்பு கூடியிருந்தால் ஸ்டென்ட். அதற்கும் அடங்காவிட்டால் மறுபடி இன்னொரு இதயத்துக்கு வரிசை. ஐம்பத்திரண்டு வயதில் இரண்டாம் முறை போய் நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"மூணு நாளா அந்தப் போனையே மொறச்சுப் பாக்குறீங்க. அது பயந்துபோயி அடிக்கவே மாட்டேங்குது. அக்கா வீட்டுக்குப் போயி அங்க மொறைங்க," என்றாள்.

கோலாலம்பூரில் காலை 9 மணி பஸ். கட்டணம் 15 ரிங்கிட், தூரம் 145 கிலோமீட்டர், நேரம் 2 மணி 10 நிமிடம். மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்திலிருந்து என் அக்கா வீடு இருக்கும் காஜா பெராங் மூன்று கிலோமீட்டருக்குள்தான். வாடகைக் காருக்கு 7 ரிங்கிட். டிரைவர் பக்கத்திலுள்ள பத்து பெரெண்டாம் என்ற ஊர்க்காரர், நம்மவர். என் முகக்கவசத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னண்ணே, கொரோனா போயி எவ்ளோ நாளாச்சு. இன்னும் மாஸ்க்கா?"

"இதயம் மாத்தியிருக்கு தம்பி. கிருமி சீக்கிரம் ஒட்டிக்கும்."

வண்டியின் வேகம் பாதியானது. "அப்போ... அண்ணிய இன்னும் புடிக்குதாண்ணே?"

"புது இதயத்துக்கும் புடிச்சிருக்கு. அண்ணிக்குத்தான் ரெண்டையுமே புடிக்கல."

அக்கா பம்பளிமாஸ் உரித்து வைத்திருந்தாள். அது என் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடக்கூடாது. "ஒரு சுளைகூடவாடா ஆகாது?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அக்காவின் கணவர், அறுபது வயது மாமா, குடும்ப ஒற்றுமைக்காக முழுத் தட்டையும் முடித்தார்.

நாலு மணிக்கு மாமாவும் நானும் புக்கிட் சீனாவுக்கு நடந்தோம். வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். பழைய சீனக் கல்லறைகள் நிறைந்த மேடு. ஊர்க்காரர்கள் உடற்பயிற்சிக்கு ஏறும் இடம். நான் முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் நடப்பேன்; இந்த இதயம் வேகம் பிடிக்க அவ்வளவு நேரமாகும்.

"மாப்ள, கல்யாண ஊர்வலமா போறோம்?" என்று மாமா விறுவிறுவென முன்னே போனார். பாதி ஏற்றத்தில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வருடமாக நடந்த கால்கள் எனக்கு. அவரைத் தாண்டி மேலே போய், அந்தக் கோலத்தைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அது அடித்தது. மணி 4.52.

மருத்துவமனை மிஸ்ஸி; நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "அங்கிள், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாச்சு. தடிப்பு கூடல."

"கொறைஞ்சிருச்சா?"

"கொறைய வேணாம் அங்கிள். நின்ன எடத்துலயே நிக்குதே, அதுவே பெருசு. நடக்குறத மட்டும் விட்றாதீங்க."

மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதற்கு ஏற்றத்தைக் காரணம் காட்டினார். பிறகு சந்தேகமாக என் நெஞ்சில் கை வைத்தார்.

"என்னடா, இவ்ளோ நல்ல சேதி, உள்ள ஒண்ணுமே ஆடல?"

நரம்பில்லாத இதயத்துக்குச் சேதி ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். சில நிமிடம் பிடிக்கும். இரண்டு நடுவயதுக்காரர்கள், ஒருவர் கை மற்றவர் நெஞ்சில் இருக்க, மேட்டின் மேல் காத்து நின்றோம். ஓடிவந்த சீனப் பெண்மணி ஒருவர் ஒதுங்கிச் சுற்றிப் போனார். அப்புறம் படபடவென்று ஆரம்பித்தது.

"ஆமாண்டா!" என்று கத்தினார் மாமா. "இப்பத்தான் அதுக்குத் தெரியுது!"

மாற்று இதயத்தோடு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பஸ்ஸின் வயிற்றில் போடாதீர்கள். மேட்டுக்கு வெயில் தணிந்தபின் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். வலி இல்லையே என்று வருடப் படத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த இதயத்தைத் தந்தவர் யாரென்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அவர் வீட்டார் எங்காவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: ஒரு வருடம் நடந்து, அவருடைய குழாயை இருந்தபடியே வைத்திருக்கிறேன்.